மீனாட்சிக்குள் ஒரு நட்சத்திரம்!

காலையில் விளக்கேற்றும்போது, ‘தாயே மீனாட்சி’ என்று நம்மை அறியாமலே வாய் சொல்லிவிடுகிறது. அந்தத் திருநாமத்தில் பாதி ஒரு மொழி, மீதி இன்னொரு மொழி என்பது தெரியுமா?

‘மீனாட்சி என்பது வடமொழி, அங்கயற்கண்ணி என்பதே தமிழ்’ என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் அன்னையை அங்கயற்கண்ணி என்றுதான் போற்றுகிறார். அம் கயல் கண்ணி... அழகிய கயல்மீன் போன்ற கண்களை உடையவள். தாய் மீன் பார்வையாலேயே குஞ்சுகளைக் காப்பது போல, அன்னை கண்பார்வையாலேயே நம்மைக் காக்கிறாள் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

அதற்காக மீனாட்சியை முழுவதுமாக வடமொழிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை! ‘அக்ஷி’, அதாவது கண் என்பது வடமொழிதான். ஆங்கிலத்தில் கண்ணுக்கு ‘ஐ’ என்கிறார்களே, அதுகூட இதற்குத் தூரத்து உறவு. ஆனால், முன்னால் நிற்கும் ‘மீன்’ நம் வீட்டுச் சொல். மலையாளத்தில் மீன், கன்னடத்திலும் துளுவிலும் மீனு, நடு இந்தியாவில் கோண்டு மக்கள் பேசும் மொழியிலும் மீன். ரிக் வேதத்தில் இருப்பதோ ‘மத்ஸ்ய’ என்ற சொல். இந்தியின் ‘மச்லி’ அதன் வழியில் வந்ததுதான். ‘மீன’ என்பது பிற்காலத்தில் தென்னாட்டு மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போனது என்பது மொழியியல் அறிஞர்கள் பலரின் கருத்து. பங்குனியில் சங்கல்பம் செய்யும்போது ‘மீன மாஸே’ என்று சொல்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான்!

மதுரையை ஆண்ட பாண்டியருக்குக் கயல்தான் கொடி. அதனால் புலவர்கள் பாண்டியனை ‘மீனவன்’ என்றே அழைத்தார்கள். இன்று அந்தச் சொல் கடலுக்குப் போகிறவரைக் குறிக்கிறது.

இந்தச் சின்னச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழில் மீன் என்றால் நட்சத்திரம்! மின்னுவதால் மீன். தண்ணீரில் செதில் மின்னப் புரள்வதால்தான் அதற்கும் அந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் சங்க இலக்கியத்தில் ‘அறுமீன்’. சப்தரிஷி மண்டலம் ‘எழுமீன்’.

சிந்துவெளி முத்திரைகளிலும் மீன் வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் அதன் பக்கத்தில் ஆறு கோடுகள், ஏழு கோடுகள். அவை அறுமீன், எழுமீன்தான் என்றார் ஸ்பெயினிலிருந்து வந்த ஹீராஸ் பாதிரியார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலா அதை மேலும் விரித்து எழுதினார். அந்த எழுத்துகளை ஐயமறப் படித்தவர் இதுவரை இல்லை. என்றாலும், மீனையும் விண்மீனையும் ஒரே சொல்லால் அழைக்கும் நமக்கு இந்த விளக்கம் உடனே புரிந்துவிடுகிறது, இல்லையா?

அடுத்த முறை கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டும்போது நீங்களும் சேர்ந்து பாருங்கள். எழுமீனில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாகத் தெரிகிறாளே அருந்ததி... அவளுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர், வடமீன்.