நோவறியாக் கைகளும் வேலூர் ஆராய்ச்சியும்

எலும்பு முறிந்தால் கூடுகிறது. தசை கிழிந்தால் ஒட்டுகிறது. தோல் பெயர்ந்தால் புதுத்தோல் வளர்ந்து மூடுகிறது. தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் இவ்வாற்றல் மனித உடல் அனைத்திற்கும் பொது. அவ்வாறாயின், தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் மட்டும் ஏன் தேய்ந்து குறுகி, இறுதியில் இல்லாமலே போயின? அவர்களுடைய சதை கெட்ட சதை, நோய் அதனை அரித்துத் தின்றுவிடுகிறது என்பதே நெடுங்காலம் மக்களும் மருத்துவருட் பலரும் நம்பியிருந்த விடை. அவ்விடை பிழையென்று நிறுவப்பட்டதில் பெரும்பங்கு நம் தமிழ்நாட்டிற்கு உண்டு.

ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914ஆம் ஆண்டு பிறந்த அவர், சமயப்பணி செய்ய வந்த ஆங்கிலேயப் பெற்றோருடன் கொல்லிமலையில் வளர்ந்தார். நம் பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதற்கும் அப்பால் தெரிவது கொல்லிமலை. ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து சென்றவர், மருத்துவம் பயிலுமுன் சில ஆண்டுகள் தச்சு, கொத்து வேலைகளைக் கற்றார். மரத்தையும் கல்லையும் அறிந்த கை பின்னாளில் எலும்பையும் தசைநாணையும் அறிந்துகொண்டதில் வியப்பில்லை. 1946இல் அவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

தொழுநோய் வல்லுநர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் கொக்கிபோல் மடிந்துபோன ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடி தளர்ந்திருக்கும் என எண்ணியவருக்கு வலி பொறுக்க முடியவில்லை! செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் இத்தனை வலு எங்கிருந்து வந்தது?

விரல்களை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. விரல்களை நேராக்கி நுட்பமாக இயக்கும் சிறுதசைகள் உள்ளங்கையில் உள்ளன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுவது. ஆகவே தோலுக்கு மிக அருகே நரம்பு ஓடும் இடங்களில்தான் அது நரம்பைத் தாக்குகிறது. முழங்கையைத் தூணில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறதன்றோ? அந்த நரம்பே முதலில் கெடுவனவற்றுள் ஒன்று. அவ்விடத்திற்குக் கீழே இந்நரம்பை நம்பியுள்ள சிறுதசைகள் செயலிழக்கின்றன. வேறு நரம்பின் ஆட்சியிலுள்ள முன்கைத் தசைகள் நலமாகவே இருக்கின்றன.

நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்குப் பூட்டினால் என்ன? இளம்பிள்ளை வாதத்தில் இவ்வகை அறுவை முன்பே செய்யப்பட்டதுதான். ஆனால் தொழுநோயாளியின் சதையில் கத்தி வைத்தால் புண் ஆறுமா என்ற ஐயம் அனைவருக்கும் இருந்தது. 1948இல் அறுவைகள் தொடங்கின. புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. பின்னர் அவர் வகுத்த முறை ஒன்றில், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண் ஒன்று, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டப்பட்டு, நான்காகப் பிரிந்து நான்கு விரல்களுக்கும் சென்றது. மூன்று வாரம் மாவுக்கட்டு, அதன்பின் பயிற்சி. மணிக்கட்டை அசைத்த தசைக்கு விரலை அசைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூளைக்கு அது புதுப் பாடம்.

இதனோடு கதை முடிந்திருந்தால் இது ஓர் அறுவைச் சாதனை மட்டுமே. ஆனால் சீர்செய்த கைகள் மீண்டும் காயங்களுடன் திரும்பி வந்தன. 1951இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், அறுவை முடிந்தோர் தங்கித் தொழில் கற்க ‘புதுவாழ்வு மையம்’ தொடங்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரின் கையையும் பார்த்து, புதுக்காயம் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று துருவினார்கள். சூடான குவளை, சுத்தியலின் பிளந்த கைப்பிடி, விளக்குச் சிம்னி, துருப்பிடித்த பூட்டு என்று ஏறக்குறைய எல்லாக் காயத்திற்கும் காரணம் கிடைத்தது. சிலருடைய விரல்களை இரவில் எலி கடித்திருந்தது, அவர்கள் விழிக்கவில்லை. விரலைத் தின்றது நோயன்று. மரத்துப்போன விரலில் பட்ட காயம் கவனிப்பாரின்றிச் சீழ் வைத்தது. சீழ் எலும்பை எட்டியது. எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்தது. விரல் குறுகியதன் வரலாறு இவ்வளவே.

நம் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் தடவிக்கொள்வதைக் காணலாம். கொட்டைப்பால் பட்டால் தோல் எரியும். எரிவதால் கை பின்வாங்குகிறது, எரிந்த இடத்தை இரண்டு நாள் ஒதுக்கி வைக்கிறோம். எரிச்சலே தெரியாத ஒருவர் நாள் முழுதும் உடைத்துக்கொண்டே இருப்பார். வலியின் வேலை எச்சரிப்பது மட்டுமன்று. புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு வாங்கித் தருவதும் அதுவே.

காலில் இது இன்னும் தெளிவு. குதிகாலில் கொப்புளம் வந்தால் நாம் அறியாமலே நொண்டி நடக்கிறோம். உணர்ச்சியற்ற காலோ அதே இடத்தில் அதே பாரத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இறக்குகிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், எலிகளின் பாதத்தில் இதனைச் சோதித்தார். ஒருமுறை பட்டால் தீங்கு செய்யாத அழுத்தம், பல்லாயிரம் முறை நாள்தோறும் பட்டபோது வீக்கமாகிப் புண்ணாயிற்று. எனவே காலுக்கு வேண்டியது களிம்பைவிட முதலில் பாரக்குறைப்பு. பாதத்தையும் கணுக்காலையும் ஒட்டப் போடும் மாவுக்கட்டு, ஒரே புள்ளியில் இறங்கும் எடையைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் ஆறாத புண்கள் வாரக்கணக்கில் ஆறியது இதனால்தான். நுண்துளை ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பின் அடிப்படையும் இதுவே.

இவ்விடத்தில் பிராண்டின் மாணவியான டாக்டர் மேரி வர்கீஸைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்ச்சியும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பி அத்துறையை நிறுவினார். தம் நோயாளிகளைப் போலவே உணர்ச்சியற்ற உடலை நாள்தோறும் கண்ணால் காவல் காத்தவர் அவர்.

தொழுநோய்க்கு 1980களில் கூட்டுமருந்து வந்தது. தொடக்கத்திலேயே உட்கொண்டால் நரம்பு தப்பும். எனினும் உணர்ச்சியற்ற கால்கள் நம்மிடையே குறையவில்லை. சர்க்கரை நோய் அவற்றைப் பெருக்கியிருக்கிறது. அங்கும் நரம்பு மரக்கிறது. அங்கும் முள் தைத்தது தெரிவதில்லை. சிலருக்குக் கால் வீங்கிச் சூடாக இருக்கும், வலி அதிகம் இராது. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்க, அவர் சந்தைக்கு நடந்துகொண்டிருப்பார். இரத்தக்குழாய் அடைப்பும் சேரும்போது பாரக்குறைப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்நிலையில் இரத்த ஓட்டத்தை முதலில் சீராக்காவிடில் எந்தப் புண்ணும் ஆறாது.

சோதனை எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால், நோயாளி கண்ணை மூடியிருக்க, மருத்துவர் உள்ளங்காலில் சில இடங்களைத் தொடுவார். தொட்டது தெரியாத இடம் உண்டென்றால் அன்று முதல் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. செருப்பை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும், கண் மங்கியவர்க்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லவேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்வது நலம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.