ஜவ்வாது மலையில் சைக்கிள்: ஆறு காட்டும் வழி

மலைச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது தூரத்தை. நாற்பது கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு பலிக்கும், மலையில் பலிக்காது. ஜவ்வாது மலையில் வெவ்வேறு பருவங்களில் சைக்கிள் ஓட்டி நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: பாதையைத் தேடுமுன் ஆற்றைத் தேட வேண்டும். தண்ணீர் எங்கே பிறந்து எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே மூச்சு வாங்கும், எங்கே பிரேக் சூடேறும், எங்கே நிழலும் ஊரும் இருக்கும் என்பதில் பாதியை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

இதைப் பழக ஜவ்வாது நல்ல இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறும் அகரம் ஆறும் இந்த மலையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாக வகுக்கின்றன. செய்யாறு தெற்கே இறங்கி, செங்கம் அருகே குப்பநத்தம் அணையில் தேங்கி, பிறகு கிழக்கே திரும்புகிறது. அகரம் ஆறு வடக்கே போகிறது. கடைசியில் இரண்டும் சேர்வது பாலாற்றில்தான். கிழக்குச் சரிவில் இறங்கும் கமண்டல நாகநதிக்கு படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. இந்த நீரோட்டங்களை மனதில் பதித்துக்கொண்டால் மலையின் அமைப்பே கைக்குள் வந்துவிடும்.

வரைபடத்தில் கோடுகளை எண்ணுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். உங்கள் சாலை ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து கோடுகளைத் தாண்டினால் நூறு மீட்டர் ஏற்றம், அதாவது பத்து சதவீதச் சரிவு. பழகிய கால்களுக்கே அது கடினம். இரண்டு கோடுகளை மட்டும் தாண்டினால் பேசிக்கொண்டே ஏறலாம்.

அடுத்து நீலக் கோடுகளைப் பாருங்கள். ஆற்றுக்கு இணையாகப் போகும் சாலை சீராக ஏறும், சீராக இறங்கும். ஓடைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி மறுபடி ஏற வைக்கும். தொடக்க இடமும் முடியும் இடமும் ஒரே உயரத்தில் இருந்தாலும், இடையில் ஏறிய மொத்த உயரம் சில நூறு மீட்டர் ஆகிவிடும். மலைமேல் சமமாகத் தெரியும் சாலைகள் கால்களைக் களைக்க வைப்பது இதனால்தான்.

வழி கேட்பதிலும் முறை உண்டு

“இந்த வழியில சைக்கிள் போகுமா?” என்று கேட்டால் மலையில் எல்லோரும் “போகும்” என்பார்கள். அவர்கள் தோளில் மூட்டையோடு நடக்கும் வழி அது, பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். “சந்தைக்கு எந்த வழியாப் போவீங்க?”, “இந்த ரோட்டுல டிராக்டர் வருமா?”, “ஓடையில இப்ப தண்ணி முழங்காலுக்கு மேலயா, கீழயா?” என்று கேளுங்கள். டிராக்டர் வரும் பாதையில் மவுண்டன் சைக்கிள் தாராளமாகப் போகும். தூரத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள். நடந்தால் எவ்வளவு நேரம் என்பதை மலைவாழ் மக்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

டயரும் காற்றும்

இந்தப் பாதைகளுக்கு 2.1 முதல் 2.25 அங்குல அகல டயர் போதும். எழுபது கிலோ எடையுள்ளவர் டியூப் வைத்த டயரில் தார்ச்சாலைக்கு 40 பி.எஸ்.ஐ. வரை காற்று வைக்கலாம். மண் பாதைக்குத் திரும்பும்போது 30-க்குக் குறைத்தால் டயர் தரையைப் பிடிக்கும், கைக்கும் அதிர்ச்சி குறையும். மிகவும் குறைத்தால் கல்லில் மோதி டியூப் நசுங்கும். அடிவாரத்தில் சீமைக் கருவேல முள்தான் பெரிய தொல்லை. இரண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு, செயின் இணைப்பு ஒன்று ஆகியவை பையில் கட்டாயம் இருக்கட்டும்.

அதோடு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர். நல்ல மவுண்டன் சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். மலையடிவாரப் பஞ்சர் கடைகளில் பைக்குக்குக் காற்றடிக்கும் குழாய் அதில் பொருந்தாது. இந்த அடாப்டரைத் திருகிவிட்டால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்

ஏற்றம் தொடங்கிய பின் கியர் மாற்றினால் செயின் இழுபட்டுச் சத்தம் போடும், சில நேரம் அறுந்தே போகும். ஏற்றம் கண்ணில் பட்டவுடன், மிதி லேசாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். செம்மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சுழன்று வழுக்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்திக்கொண்டால் இரண்டு சக்கரங்களும் தரையில் நிற்கும்.

கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிப்பதை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் ஜல்லியில் சறுக்கும். இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடித்தால் டிஸ்க் ஆறும். அரசுப் பேருந்து திரும்பும்போது அதற்குச் சாலை முழுவதும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே இடது ஓரம் நின்று வழிவிடுங்கள்.

தண்ணீரின் நிறம்

தரைப்பாலத்தின் மேல் மெல்லிய தண்ணீர் ஓடினால்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். பச்சைப் பாசி படிந்த சிமெண்டில் டயர் நிற்காது. ஓடும் தண்ணீர் முழங்கால் உயரம் வந்துவிட்டால் கடக்கவே கூடாது. மலையோடையில் வெள்ளம் வருவதற்கு நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை, மேலே பெய்தால் போதும். தெளிந்து ஓடிய தண்ணீர் கண்ணெதிரே கலங்கிச் சிவந்து, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், அடுத்து வெள்ளம் என்று பொருள். உடனே கரையேறிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடை குறுக்கிடும் பாதைகளைத் தவிர்ப்பதே நல்லது. மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் அருமை. காற்று குளிரும், ஓடைகளிலும் தண்ணீர் இருக்கும்.

சாலையே களமாகும்போது

அறுவடை நேரத்தில் சாமை, கேழ்வரகு, கொள்ளுக் கதிர்களைத் தார்ச்சாலையில் பரப்பிப் போடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறித் தானியம் உதிரும். சைக்கிளுக்கு அது ஆபத்து. கதிருக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் தானியம் உருளும், தாள்கள் பின் கியரின் டீரெய்லரில் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை துடைப்பத்தோடு நின்ற ஒரு பாட்டி, “ஏன் தம்பி எறங்கிட்டீங்க, ஏத்திக்கிட்டுப் போங்க, எங்களுக்கும் வேலை கொறையும்” என்றார். “சறுக்கும் பாட்டி” என்று சொல்லி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். போகுமுன் அவர் தந்த ஒரு சொம்பு மோர் அன்றைய ஏற்றத்துக்குப் போதுமாயிருந்தது. நாம் ஓட்டுவது அவர்கள் வாழும் சாலையில். ஆட்டு மந்தைக்கு நிற்பது, வயல் வரப்பில் சக்கரம் ஏற்றாமலிருப்பது, படம் எடுக்குமுன் கேட்பது, சாப்பாட்டையும் தேனையும் சாமையையும் அங்கேயே காசு கொடுத்து வாங்குவது ஆகியவை இந்தப் பயணத்தின் கட்டணம் என்றே நினைக்கிறேன்.

காட்டின் எல்லை

காப்புக்காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை எவ்வளவு அழைத்தாலும், வனத்துறை அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். சந்தனமரக் கடத்தலால் பாதிக்கப்பட்ட மலை இது. பையோடு காட்டுக்குள் திரியும் வெளியாளைச் சந்தேகிப்பது வனக்காவலரின் கடமை. ஊர்களை இணைக்கும் சாலைகளும் வண்டித் தடங்களுமே ஒரு பருவம் முழுக்க ஓட்டப் போதுமானவை.

இருட்டுமுன் ஓட்டத்தை முடிப்பதும் விதிதான். காவலூரில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். தொலைநோக்கிக்கு வரமான அந்த இருட்டு, குழியும் ஜல்லியும் உள்ள சாலையில் நமக்கு ஆபத்து. பல இடங்களில் போனுக்கும் சிக்னல் கிடைக்காது.

முதல் பயணத்துக்கு ஒரு வழி

வாணியம்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுங்கள். அதிகாலையில் கிளம்பினால் கடினமான ஏற்றம் வெயிலுக்கு முன் முடியும். வீட்டில் ஒருவரிடம் வழியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, குறைந்தது இருவராகப் போங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும் ஏற்பாடு இருக்கட்டும். ஜமுனாமரத்தூரில் இரவு தங்கி, மறுநாள் காலை போளூர்ப் பக்கம் இறங்கினால் அங்கும் ரயில் நிலையம் உண்டு. நடுவில் உடலோ சைக்கிளோ ஒத்துழைக்காவிட்டால் வெட்கப்படாமல், சந்தைக்குப் போகும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுங்கள். கிளம்பும் முந்தைய இரவு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: வரைபடத்தை விரித்து, உங்கள் வழியில் குறுக்கிடும் நீலக் கோடுகளை எண்ணி, ஒவ்வொன்றும் எந்த ஆற்றில் சேர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த அரைமணி நேரம் எந்த விலையுயர்ந்த கியரையும்விட அதிகமாக உதவும்.