மேல்பக்கம் எது?

(இளநிலை அறிவியல் – புவியமைப்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

முதலாண்டில் படிக்கும்போது, குவாரியில் கல் உடைக்கும் என் தந்தை ஒருநாள் கிளிஞ்சல் பதிந்த சுண்ணாம்புக்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீ படிக்கிற கல்லு இதுதானேப்பா?" என்றார். பெருமையோடு அதை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: "தம்பி, இதில் மேல்பக்கம் எது? எந்த அடுக்கில் எடுத்தது?" எனக்கு விடை தெரியவில்லை. அவ்விரு கேள்விகளும் ஏன் முக்கியமானவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடி இன்றைய கடற்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆயினும் அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் பவளங்களும் கடற்பாசிகளும் காணப்படுகின்றன. கிரெட்டேஷியஸ் காலத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே ஆழமற்ற கடல் இருந்தது. பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர் 1862-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார்.

சுண்ணாம்பு மேடை என்றால் என்ன?

மணலும் களிமண்ணும் ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பவை. சுண்ணாம்போ பெரும்பாலும் கடலிலேயே உண்டாவது. பவளம், பாசி, சிப்பி ஆகியவற்றின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் குவிந்து, கடலடியில் பரந்த மேடையாக உயர்கின்றன. இன்றைய பகாமாத் தீவுகளைச் சூழ்ந்த கடல்மேடை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பெரும்பகுதியில் நீரின் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவே.

சான்றுகள்

முதற்சான்று உயிரினங்கள். திட்டு கட்டும் பவளங்களுக்கு வெதுவெதுப்பான, ஒளி புகும் நீர் வேண்டும். ஆனால் ஓர் உயிரை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. சில செம்பாசிகள் 100 மீட்டர் ஆழத்திலும் வாழ்கின்றன. எனவே, கூடி வாழ்ந்த உயிர்கள் அனைத்தையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். அரியலூர்ப் பகுதியின் நின்னியூர்ப் படிவுகளில் உள்ள பாசிகளைப் பற்றி எல். ராமாராவும் யூலியஸ் பியாவும் 1936-இல் எழுதிய ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, துகள்களுக்கு இடையே இருப்பது. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். இடைவெளியில் நுண்சேறு நிறைந்திருந்தால் அது அமைதியான நீர். சேறு அலசப்பட்டுத் தெளிந்த கால்சைட்டு நிரம்பியிருந்தால் அங்கே அலை அடித்திருக்கிறது. டன்ஹாம் 1962-இல் வகுத்த பாகுபாடு இந்த அடிப்படையிலேயே அமைந்தது.

மூன்றாவது, கிடந்த நிலை. இரு ஓடுகளும் மூடியபடி கிடைக்கும் சிப்பி பெரும்பாலும் வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே புதைந்தது. உடைந்து தேய்ந்தவை அலையால் அலைக்கழிக்கப்பட்டவை. சில ஓடுகளுக்குள் பாதியளவு சேறு படிந்து, மீதி இடத்தில் பிற்காலத்தில் கால்சைட்டுப் படிகம் வளர்ந்திருக்கும். அச்சேற்றின் மேற்பரப்பு அன்று கிடைமட்டமாக இருந்தது. கொத்தனாரின் ரசமட்டம் போல அது மேல்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, அடுக்குகளின் வரிசை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தடையின்றிப் படிந்த அடுக்குகள், ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த சூழல்களைக் குறிக்கும் என்று வால்தர் 1894-இல் விளக்கினார். கல்லக்குடிச் சுண்ணாம்புக்கு மேல் வருவது காரைக் களிக்கல். அதில் பவளத்திட்டு இல்லை. நீந்தித் திரிந்த அம்மோனைட்டு, பெலம்னைட்டு எச்சங்கள் உள்ளன. நீர் ஆழமாகிச் சேறும் படிந்தபோது ஒளியை நம்பிய மேடை மடிந்தது. வரிசையைத் தலைகீழாகப் படித்தாலோ, மூழ்கிய மேடை எழுந்த மேடையாகிவிடும்!

பேராசிரியர் என் கல்லை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஓர் ஓட்டில் பாதிச் சேறு இருந்தது. மேல்பக்கம் தெரிந்துவிட்டது, அடுக்கு மட்டும் தெரியவில்லை. சென்று பார்க்கலாம் என்றால், கல் எடுத்த முகப்பே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு ஆலைக்குப் போய்விட்டது. குவாரி இல்லையேல் அவ்வடுக்குகளை நாம் கண்டிருக்கவே மாட்டோம். ஆனால் கண்டதைக் குறிக்காவிட்டால், மறுமுறை காணும் வாய்ப்பும் இல்லை.

இதை வீட்டில் சொன்னேன். என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது அவர் கொண்டுவரும் ஒவ்வொரு கல்லிலும் மேல்பக்கம் கரியால் ஒரு வட்டம் இருக்கும். பக்கவாட்டில், கீழிருந்து எத்தனையாவது அடுக்கோ அத்தனை கோடுகள் இருக்கும். களப்பயணம் செல்லும் நண்பர்களே, அழகான கல்லை எடுக்கும் முன் நாமும் அவ்விரண்டையும் குறித்துக்கொள்வோம்.