அறுந்த இழையின் அறிவிப்பு

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் புகழ்பெற்ற ஊர். அங்கே கைத்தறியில் அமரும் நெசவாளரின் கண் எப்போதும் பாவின்மீதே இருக்கும். ஓரிழை அறுந்ததைக் காணாமல் நெய்துவிட்டால் சேலையில் கோடு விழுந்துவிடும் அன்றோ? விசைத்தறியின் வேகத்திற்குக் கண் ஈடுகொடாது. ஆகவே, இழை அறுந்தவுடன் தானே நிற்கும் தறியை ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 1924-இல் நிறைவு செய்தார்.

கணிப்பொறிக்கும் இத்தகைய காவல் வேண்டும். அதற்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். இரவில் ஆளின்றி ஓடும் நிரல், வட்டு நிரம்பியதை எவரிடம் சொல்லும்? ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு வழி வகுத்தால் குழப்பமே மிஞ்சும். அமெரிக்கரான எரிக் ஆல்மன், முதலில் தம் அஞ்சல் நிரலுக்காக, 1980-களில் 'சிஸ்லாக்' என்னும் முறையை அமைத்தார்; பின்னர் அது பொதுவழியாயிற்று. அதற்கென ஆயத்தமாக உள்ள செயற்கூறு ஒன்றை நிரல் அழைத்து, செய்தியையும் அதன் கடுமையையும் கூறினால் போதும். அதனை ஏட்டில் பதிப்பதும் காவலருக்கு அனுப்புவதும் வேறொரு நிரலின் பொறுப்பு. கடுமைக்கு எட்டு நிலைகள் உண்டு: 0 பேரிடர், 7 வெறும் சோதனைக் குறிப்பு. அற்பத்திற்கெல்லாம் 0 எனக் கூவும் நிரலைக் காவலர் விரைவில் செவிமடுக்கமாட்டார்.

நிரலே நின்றுவிட்டால் எச்சரிக்கையும் வாராது. ஆதலால் 'நலம்' என்னும் செய்தியைக் குறித்த நேரந்தோறும் அனுப்பச் செய்வர். அது வாராத பொழுதே காவலர் எழுந்துவிடுவர்.