திருநாமம் ஒன்றின் சொல்வரலாறு

சொற்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராயும் துறை சொற்பிறப்பியல் எனப்படும். ஒரு சொல் எவ்வேரினின்று தோன்றியது, எந்நாட்டிற்குச் சென்றது, செல்லும் வழியில் அதன் ஒலியும் பொருளும் எவ்வாறு திரிந்தன என்பவற்றை அத்துறை அறிஞர்கள் சான்று காட்டி நிறுவுவர். அவர்தம் நெறியை விளக்குதற்கு, எம்பெருமானின் திருநாமம் ஒன்று கடல் கடந்து சென்று அடைந்த நிலையே தக்க எடுத்துக்காட்டாகும்.

ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' என்றொரு சொல் உண்டு. எதிர்ப்பட்டவற்றையெல்லாம் நசுக்கிச் செல்லும், தடுத்தற்கரிய பெருவிசை என்பது அதன் பொருள். பிரிட்டனில் மிகப் பெரிய சரக்கு லாரியையும் அச்சொல்லால் குறிப்பர். பூரித் திருத்தலத்தில் எழுந்தருளியுள்ள ஜகந்நாதனின் பெயரே அச்சொல்லின் மூலம் என்றறியும் அடியார் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எய்துவர்.

அறிஞர் முதற்கண் நோக்குவது வேர். 'ஜகத்' என்பது 'செல்லுதல்' எனப் பொருள்படும் 'கம்' என்னும் வடமொழி வினையடியாகப் பிறந்தது. இயங்குவது என்னும் பொருளினின்று அஃது உலகைக் குறிப்பதாயிற்று. 'நாத' என்பது தலைவன். இரண்டும் புணருங்கால் 'ஜகந்நாத' என்றாகும். இந்தி முதலிய மொழிகளில் இறுதி அகரம் ஒலியாது, 'ஜகந்நாத்' என நிற்கும். ஆகவே, வேரில் நசுக்குதலும் இல்லை, அழிவும் இல்லை. உலகத் தலைவன் என்பதே அதன் பொருள்.

அடுத்து நோக்கப்படுவது, சொல் ஏட்டில் ஏறிய காலம். 1633-ஆம் ஆண்டு பூரிக்குச் சென்ற வில்லியம் புரூட்டன் என்னும் ஆங்கிலேயரின் பயணநூல் 1638-இல் அச்சேறியது. ரகரம் புகுந்து திரிந்த வடிவம் அந்நூலிலேயே காணப்படுகிறது. எனினும், அங்கு அஃது இன்னும் பெயர்ச்சொல்லே. இடத்தையும் தெய்வத்தையும் சுட்டியதேயன்றிக் கொடுமையைச் சுட்டவில்லை.

பொருள் திரிந்தது பின்னரே. 1803-இல் ஒரிசாவின் கடற்கரைப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. 1806-இல் கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் தேர்த்திருவிழாவைக் கண்டு, தேர்க்காலின் கீழ் அடியார் வீழ்ந்து மாய்வதாக எழுதினார். 1811-இல் வெளிவந்த அவரது நூல் மேலைநாட்டில் பரவலாகப் படிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெய்வத்தின் பெயர் பொதுச்சொல்லாயிற்று. 1886-இல் ஸ்டீவென்சன் எழுதிய ஜெகில், ஹைடு பற்றிய கதையில், சிறுமியை மிதித்துச் செல்லும் கொடியோனுக்கு இச்சொல்லே உவமையாயிற்று!

குற்றச்சாட்டு உண்மைதானா? சொல்லாராய்ச்சி இங்கும் மூலச்சான்றுகளையே நாடும். பதினான்காம் நூற்றாண்டின் துறவி ஓடோரிக், தேரின் கீழ் உயிர்விடுவோரைப் பற்றிக் கூறிய செய்தியைப் பலரும் பூரிக்கே உரியதாகக் கொண்டனர். ஆனால், அவர் அத்தேரைக் கூறுவது 'மோபார்' என்னும் நாட்டிலாகும். அது நம் சோழமண்டலக் கரையைக் குறிக்கும் பழம்பெயர். ஒரு நாட்டிற்குரியதாகக் கூறப்பட்ட செய்தி மற்றொரு தலத்தின்மேல் ஏற்றப்பட்டமை இதனால் தெளிவாகிறது.

1872-இல் ஒரிசாவின் வரலாற்றை எழுதிய வில்லியம் ஹன்டர் என்னும் ஆங்கில அதிகாரி பழைய பதிவுகளை ஆராய்ந்தார். பெருங்கூட்ட நெரிசலில் நேர்ந்த விபத்துகளே மிகுதி; தாமே வீழ்ந்தோர் மிகச் சிலர், அவருள்ளும் பலர் நோயால் நொந்தவர் என்பது அவர் கண்ட முடிவு. உயிர்ப்பலி திருமால் நெறிக்கு முற்றும் மாறானது என்றும் அவர் எடுத்துரைத்தார். சில இறப்புகள் நேர்ந்ததை மறைக்காமலும், அவற்றை வழிபாட்டு விதியாக்காமலும் அவர் எழுதியது போற்றத்தக்கது.

ஸ்டீவென்சன் கதை வெளிவந்த அதே 1886-இல்தான், இந்தியச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்த வரலாற்றைக் கூறும் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் வெளிவந்தது. அதனைத் தொகுத்த இருவருள் பர்னல் என்பார் தஞ்சையில் நீதிபதியாயிருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். சொல்லுக்கு ஊகத்தால் பொருள் கூறாது, ஆட்சிகளை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவதே அவ்வகராதியின் சிறப்பு.

அதே திருநாமம் நம் நாட்டில் வேறு வகையாய் வாழ்கிறது. திருப்புல்லாணியில் எம்பெருமான் ஆதி ஜகந்நாதனாக எழுந்தருளியுள்ளான். செகநாதன் எனப் பிள்ளைகளுக்குப் பெயரிடுதலும் வழக்கம். மூலம் ஒன்று, வழங்கியோர் மனநிலைக்கேற்பப் பொருள் இரண்டாயிற்று. பூரியில் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்பெறும் பதினாறு சக்கரத் திருத்தேரை இழுப்பவை ஆயிரமாயிரம் அன்பர்தம் கைகளே. நம் ஊர்த் திருத்தேர்களோ, வடம் பிடிப்போரால் நகர்ந்து, முட்டுக்கட்டை இடுவோர் கைத்திறத்தால் திரும்பியும் நின்றும் நிலை சேர்கின்றன. தடுத்தற்கரியது என்னும் பொருள் அயலார் கண்ணிற்பட்டதேயன்றி, வடம் பிடித்தார் அறிந்ததன்று.

சொல்லின் வேரையும், முதல் ஆட்சியையும், திரிந்த காலத்தையும் வேறுவேறாக வைத்து ஆராய்வதே சொல்லாராய்ச்சியின் நெறி. அந்நெறி, வழங்கிவிட்ட சொல்லை அழிக்க மாட்டாது. ஆயினும், அச்சொல்மேற் படிந்த பழியைத் துடைக்க வல்லது.