உயரம் குறைந்தோர்க்கு உணவுக் கணக்கு

1867-இல் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் பசியாற்றும் வடலூரிலே, மெலிய வேண்டிப் பட்டினி கிடப்பது முறையாகுமா?

147 செ.மீ. உயரமும் 54 கிலோ எடையும் உள்ள 20 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஓய்வாகக் கிடந்தாலே அவள் உடலியக்கத்திற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கலோரி வேண்டும். அமர்ந்து படிக்கும் வாழ்க்கைக்கு 1,680. பலரும் சொல்வதுபோல் 500 குறைத்தால் எஞ்சுவது 1,180. மருத்துவர் மேற்பார்வையின்றிப் பெண்கள் 1,200-க்குக் கீழே இறங்கலாகாது. ஆகவே 300 மட்டும் குறைத்து 1,380 உண்பதே தக்கது.

ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். எனவே வாரத்திற்குக் கால் கிலோ குறையும். சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுக. பட்டினியால் சோர்வும் இரத்தசோகையும் மாதவிலக்குக் கோளாறும் வரும். மெலிவினும் நலமே பெரிது!