ஆண்டு விடுமுறை எத்தனை நாள்? நீங்களே கணக்குப் போடுங்கள்

தீபகற்ப மலேசியாவில் வேலை செய்பவர்களுக்கு, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி:

1. நியமனக் கடிதத்தில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். 2 ஆண்டுக்குள் என்றால் 8 நாள், 2 முடிந்து 5 ஆகும்வரை 12, அதன்பின் 16. இது குறைந்தபட்சமே, கடிதத்தில் கூடுதலாக இருந்தால் அதையே கேளுங்கள்.

2. ஆண்டு முடியவில்லையா? முடிந்த மாதங்களை மட்டும் எண்ணுங்கள். 8 நாள் உரிமையில் 7 மாதம்: 8×7÷12 = 4.67. அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் 5 நாள் உங்களுடையது. 4 என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. பொது விடுமுறையை இதில் கழிக்க விடாதீர்கள். அது தனிக் கணக்கு.

4. விடுமுறையில் காய்ச்சலா? எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) கொடுங்கள், அந்த நாள் ஆண்டு விடுமுறையில் குறையாது.

5. சொல்லாமல் மட்டம் போடாதீர்கள். வேலை நாளில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அவ்வாண்டு உரிமையே போய்விடும்.